தொய்ந்த பாலத்தை நிமிர்த்தியது: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தகரக் கூரை வீட்டில் மாடல் ரயில் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும். 1:87 அளவில், 280 மி.மீ. நீளத்துக்கு நான் கட்டிய கர்டர் (உத்திரம்) பாலம் ஒரே மாதத்தில் நடுவில் 3 மி.மீ. தொய்ந்தது. எஞ்சின் ஏறியதும் பெட்டி தடம் புரண்டது.

காரணம் பசை. 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு இரண்டை முழுப் பரப்பிலும் ஒட்டினால் பசையிலுள்ள கரைப்பானின் ஆவி உள்ளேயே அடைபடும். வாரக்கணக்கில் பிளாஸ்டிக்கை இளக்கிக்கொண்டே இருக்கும். பிற்பகல் சூடு மிச்சத்தை முடித்துவிடும்.

கர்டரைப் புதிதாக வெட்டினேன். ஆவி வெளியேற உள்தகட்டில் 25 மி.மீ.க்கு ஒன்றாக 2 மி.மீ. துளை. பசையை அளவாகத் தடவி, கண்ணாடிமேல் வைத்து, செங்கல் பாரத்தில் இரண்டு நாள் விட்டேன். தளத்துக்கு அடியில், வெளியே தெரியாதபடி, 10 மி.மீ. அலுமினிய எல்-பட்டை இரண்டு. ஸ்டைரீன் பசை உலோகத்தைப் பிடிக்காது. பட்டையை 240-ஆம் எண் மணல்தாளால் தேய்த்து எபாக்சி (இரு கலவைப் பசை) போட வேண்டும். அதையும் நடுவில் 20 மி.மீ. மட்டும் போடுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் அலுமினியத்தைவிட அதிகம் நீளும். முழுக்க ஒட்டினால் பாலம் வில்லாக வளையும்.

தண்டவாள இணைப்பு பாலத்தின்மேல் வரவே கூடாது. இரு கரையிலும் 50 மி.மீ. தள்ளி, 0.5 மி.மீ. இடைவெளியோடு வையுங்கள்.

1900-இல் திறந்த பேராக்கின் காராய் விக்டோரியா ரயில் பாலம் மாதிரி ட்ரஸ் (முக்கோணச் சட்டங்களால் ஆன பாலம்) கட்ட விரும்பினால், பித்தளைக் கம்பியைப் பற்றவைப்பதே நல்லது.