கிளமிடியா குணமான பின் மறுபடியும் தொற்றாமல் இருக்க

கிளமிடியா என்னும் பால்வினைத் தொற்று மாத்திரையிலேயே குணமாகிவிடும். ஆனால் குணமான இளம்பெண்கள் பலருக்குச் சில மாதங்களிலேயே அது திரும்ப வந்துவிடுகிறது. மருந்து பலிக்காமல் போவது அரிது. சிகிச்சை பெறாத துணைவரிடமிருந்து மீண்டும் தொற்றுவதே பெரும்பாலும் நடப்பது. ஆகவே ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் பாதிச் சிகிச்சைதான் முடிந்திருக்கிறது.

பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே தெரியாது என்பதால், வெள்ளைப்படுதலோ எரிச்சலோ வரட்டும் என்று காத்திராமல், உடலுறவு வாழ்க்கையில் உள்ள 25 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. பல பரிசோதனைகளுக்குப் பஞ்சுக்குச்சியால் தாமே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். உள் பரிசோதனைக்குக் கூசுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மருத்துவர் வழக்கமாக எழுதித் தருவது டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாட்கள். தொண்டையில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கக்கூடிய மருந்து இது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கிவிட்டு அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அதே வேளையில் சாப்பிடக்கூடாது. கருவுற்றிருக்கும் சந்தேகம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; அப்போது அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளையாகத் தருவார்கள்.

கடந்த 60 நாட்களில் உறவு கொண்ட துணைவருக்கும் சிகிச்சை வேண்டும். கடினமான கட்டம் இதுதான். நம் வீடுகளில் முதலில் வாய் திறக்கும் பெண்ணின் மீதே பழி விழுகிறது. அறிகுறியின்றிப் பல மாதங்கள் தங்கக்கூடிய தொற்று என்பதால், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைப் பரிசோதனை முடிவு காட்டாது. கணவரிடம் இதை எடுத்துச் சொல்லும்படி மருத்துவரையே கேட்டுக்கொள்ளலாம்; அடி உதைக்கு அஞ்ச வேண்டிய நிலை என்றால் அதையும் அவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். இந்தியாவில் 1097 என்ற இலவச எண்ணிலும் பால்வினைத் தொற்று பற்றிய ஆலோசனை கிடைக்கும். இருவரும் 7 நாள் மருந்தை முடிக்கும் வரை, ஒரே வேளை மருந்தானால் அதன்பின் 7 நாட்கள் வரை, உறவைத் தவிர்க்க வேண்டும். அதன் பிறகு ஆணுறை தொடரட்டும்.

துணைவர் மருந்து சாப்பிட்டதாகச் சொன்னாலும், 3 மாதம் கழித்து மறுபரிசோதனை அவசியம். 4 வாரங்களுக்குள் செய்தால் இறந்த கிருமியின் எச்சமே தொற்று இருப்பதாகக் காட்டிவிடலாம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஏறக்குறைய 4 வாரத்தில் ஒன்று, 3 மாதத்தில் மற்றொன்று என இரு பரிசோதனைகள். ஒவ்வொரு மறுதொற்றும் கருக்குழாயில் தழும்பு ஏற்படும் ஆபத்தைக் கூட்டுகிறது. குழந்தையின்மைக்கும் கருப்பைக்கு வெளியே கரு தங்குவதற்கும் அது வழிவிடும். ஆதலால் அடிவயிற்று வலியுடன் காய்ச்சலும் கண்டால், மறுபரிசோதனை நாள் வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.