அமிலப் போத்தலுக்கு முன் தண்ணீர்க் குழாய்

ஆவணியில் எங்கள் பக்கம் கிணறுகள் அடி காட்டும். அந்த நாட்களிலும் ஆய்வுகூடக் குழாயில் தண்ணீர் வரும் என்று நம்பி அமிலப் போத்தலைத் திறக்கிறோமே, அதுதான் வன்னியில் நான் அதிகம் கண்ட தவறு. செறிந்த அமிலம் கையில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15, 20 நிமிடம் கழுவவேண்டும். குழாய் வெறுங்காற்றை ஊதினால் எங்கே ஓடுவது? குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் இல்லையா, அன்றைக்குச் செயன்முறையும் இல்லை.

கழுவுவதை விட்டுவிட்டு, அமிலம் பட்ட இடத்தில் அப்பச்சோடாவும் எரிசோடா (சோடியம் ஐதரொட்சைட்டு என்ற காரம்) பட்ட இடத்தில் தேசிக்காய்ப் புளியும் தேய்க்கச் சொல்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறிக்கும் நடுநிலையாக்கம் முகவைக்குள் (பீக்கருக்குள்) சரி. தோலின்மேல் அது வெப்பத்தை விட்டுப் புண்ணைக் கூட்டும். பற்பசையும் வேண்டாம்.

அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது எல்லாப் பிள்ளைக்கும் பாடம்; ஏன் என்று கேட்டால்தான் முழி பிதுங்கும். செறிந்த சல்பூரிக் அமிலம் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.84 மடங்கு அடர்த்தி கூடியது. மேலே ஊற்றிய தண்ணீர் அங்கேயே நின்று, பிறக்கும் வெப்பத்தில் கொதித்து, அமிலத்தையும் இழுத்துக்கொண்டு முகத்துக்குத் தெறிக்கும். தண்ணீருக்குள் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்குங்கள். காரணம் விளங்கிய பிள்ளைக்குக் கை நடுங்காது.

பரந்தனில் ஒருகாலம் எரிசோடாவும் குளோரீன் என்ற நச்சு வாயுவும் செய்த தொழிற்சாலை இருந்தது. அந்த இரண்டுக்கும் இங்கே இன்னும் போதிய மரியாதை இல்லை. அமிலத்துக்குப் பயந்தவர்கள் எரிசோடாவை வெறுங்கையால் அள்ளுவார்கள். கண்ணில் பட்டால் அது அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவும். பாதுகாப்புக் கண்ணாடி அதற்குத்தான். குளோரீனோ, வெளிற்றும் தூளோடு அமிலத்தைச் சேர்த்துக் கழிவறை கழுவும்போது தானாக வந்துவிடும்.

நான் படித்த காலத்தில் கரைசலை அளந்தெடுக்கும் குழாயியை (பிப்பெற்றை) வாயால்தான் உறிஞ்சினோம். ஒருநாள் எரிசோடாக் கரைசல் நாக்கில் பட்டு, மூன்று நாள் சோறு ருசிக்கவில்லை. வாய்க்குப் பதிலாக உறிஞ்சும் றப்பர்க் குமிழ் ஒன்றுக்கு ஆகும் காசு பெரிதில்லை.

மிச்சக் கரைசலைக் குடிக்கிற சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் பூச்சிமருந்தை அப்படி வைக்கும் பழக்கம்தான் ஆய்வுகூடத்துக்கும் வருகிறது.

கடைசியாக அம்மோனியா. 25 வீதக் கரைசல் ஏறத்தாழ 38 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். தகரக் கூரைக்குக் கீழே மதியம் வரை இருந்த போத்தலுக்குள் அமுக்கம் ஏறியிருக்கும். அதைக் காலையிலேயே, காற்றோட்டமான இடத்தில், முகத்தைத் தள்ளிவைத்து மெல்லத் திறவுங்கள்.