பால் கட்டி மார் இறுகிப் போனால் என்ன செய்ய?

பிள்ளை பிறந்து மூணாம் நாளுக்கும் அஞ்சாம் நாளுக்கும் இடையிலதான் பெரும்பாலும் பால் கட்டும். ஆஸ்பத்திரியில நர்ஸ் பக்கத்துல இருக்கும்போது அது வராது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த ராத்திரி பார்த்து வரும். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்னைக்கும் ராத்திரி போன் அடிச்சா எடுக்கதுக்கு முன்னாலயே தெரியும்: "நர்சம்மா, மார் ரெண்டும் கல்லா கிடக்கு, பிள்ளை பிடிக்க மாட்டேங்குது."

மக்களே, முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கோ. அங்க இறுகி நிக்கது முழுக்கப் பால் இல்லை. பால் ஊறத் தொடங்கும்போது மார்புக்கு ரத்த ஓட்டம் கூடும், திசுவுக்குள்ள நீர் கோத்து வீங்கும். ஆபரேஷன் ஆகி டிரிப் நிறைய ஏறினவங்களுக்கு இந்த வீக்கம் இன்னும் கூடுதலா இருக்கும். அதனால பிசைஞ்சு பிழிஞ்சா எல்லாம் வந்துரும்னு நினைக்கது வெறும் கணக்கு. எண்ணெய்க் கிண்ணத்தோட மாமி வந்து உட்காருவா. அது ஈத்தாமொழித் தேங்காய் ஆட்டின எண்ணெயாவே இருக்கட்டும், அழுத்தித் தேய்க்க விடாதே. வீங்கின திசுவை அமுக்கிப் பிசைஞ்சா உள்ளே காயப்பட்டு வீக்கம் கூடத்தான் செய்யும். தடவியே ஆகணும்னு அவங்க நின்னா, நெஞ்சுப் பக்கத்துல இருந்து அக்குளைப் பார்த்து, தோல் மட்டும் அசையுற அளவுக்குப் பைய நீவச் சொல்லு. அது நல்லது, அவங்க மனசும் நோகாது.

மருந்து உன் பிள்ளையோட வாய்தான். ஆனா காம்பைச் சுத்தியுள்ள கறுப்பு வளையமும் சேர்ந்து இறுகிட்டா காம்பு தட்டையாப் போவும், பிள்ளைக்குப் பிடி கிடைக்காது. நுனியை மட்டும் கவ்வும், காம்பு வெடிக்கும், நீ வலி தாங்காம பால் குடுக்கிறதைத் தள்ளிப் போடுவ, இன்னும் கட்டும். இந்தச் சுத்தலை வெட்டுற இடம் அந்தக் கறுப்பு வளையம். அதை இளக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

எப்படின்னு சொல்லுதேன். நகம் வெட்டிக் கையை சோப்புப் போட்டுக் கழுவு. தலையணை வச்சுச் சாஞ்சு படு. மல்லாந்து கிடந்தா வீக்கம் பின்னால ஒதுங்க வசதி. ரெண்டு கை விரல் நுனிகளையும் காம்போட அடியை ஒட்டி, ரெண்டு பக்கமும் வை. நெஞ்செலும்பைப் பார்த்து நேரா உள்ளே அழுத்து. இழுக்கவும் வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம். விடாம ஒரு நிமிஷம் அப்படியே பிடி. பிறகு விரலை மேலயும் கீழயும் மாத்தி வச்சு இன்னொரு நிமிஷம். வீக்கம் ரொம்ப இருந்தா கூடக் கொஞ்ச நேரம் ஆகும். வலிக்குதுன்னா அழுத்தம் கூடிப் போச்சு, குறை. விரலை எடுத்தா அங்க சின்னப் பள்ளம் விழுந்திருக்கும், தொட்டா உன் உதடு போல மெதுவா இருக்கும். உடனே பிள்ளையைப் போடு. கொஞ்ச நேரத்துல நீர் திரும்பவும் வந்து கூடிரும், அதனால ஒவ்வொரு தடவை பால் குடுக்கதுக்கு முன்னாலயும் இதைச் செய்யணும்.

இதுக்கும் மசியலைன்னா கொஞ்சம் பாலைக் கையால பீச்சி எடு. பெருவிரல் மேலே, மத்த விரல் கீழே, காம்புல இருந்து ரெண்டு விரற்கடை தள்ளி வை. முதல்ல நெஞ்சைப் பார்த்துப் பின்னால தள்ளு, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கு, விடு. தோல் மேல விரல் வழுக்கிட்டுப் போகக் கூடாது. முதல் ரெண்டு மூணு நிமிஷம் சொட்டுக்கூட வராது, பயப்படாதே. மார் இளகினதும் நிறுத்து. பம்பு வச்சுக் காலி பண்ணிரலாம்னு சிலர் நினைக்காங்க. காலி பண்ணினா உடம்பு "இவ்வளவு வேணும்போல"ன்னு இன்னும் ஊற வைக்கும், நாளைக்கும் இதே பாடுதான். டம்ளரை வெள்ளத்துல கொதிக்க வச்சு ஆறவிட்டு, பீச்சின பாலை அதுல எடுத்துப் பாலாடையில புகட்டு. கீழே ஊத்தாதே.

பிள்ளை பிடிக்கும்போது வாய் நல்லாத் திறந்திருக்கணும், தாடை மார்ல பதியணும், கீழ் உதடு வெளியே மடிஞ்சு இருக்கணும். கறுப்பு வளையம் மேல் உதட்டுக்கு மேலே கூடுதலாத் தெரிஞ்சா பிடி சரி. ஆபரேஷன் ஆனவங்க பிள்ளையைக் கக்கத்துக்குக் கீழ பிடிச்சா தையல்ல உதைக்காது. ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னிரண்டு தடவை குடுக்கணும், ராத்திரியும் சேர்த்து. "அவ உறங்கட்டும்"னு பாசத்துல பால்பவுடர் கலக்கிக் குடுக்க அம்மைமார்தான் பல வீட்டுல பால் கட்டக் காரணம். நல்ல மனசுதான், என்ன செய்ய.

இப்பம் சூடும் குளிரும். பால் குடுக்கதுக்குச் சற்று முன்னால சூடு வெள்ளத்துல தோர்த்துத் துண்டை முக்கிப் பிழிஞ்சு ரெண்டு மூணு நிமிஷம் வச்சா பால் இறங்க லேசா இருக்கும். அதுக்கு மேல வேண்டாம், வீக்கம் கூடும். வேது வெள்ளத்துல, அதான் மருந்து இலை போட்டுக் காய்ச்சின வெள்ளத்துல, குளிக்கும்போது ஆவி பறக்க மார்ல ஊத்த விடாதே. குளிச்சு முடிச்ச உடனே பிள்ளையைப் போடு, அது நல்ல நேரம். பால் குடிச்சு முடிஞ்ச பிறகு குளிர் வேணும். ஐஸ் கட்டியைத் துணியில சுத்திப் பத்துப் பதினைஞ்சு நிமிஷம் வை. ஃபிரிட்ஜ் இல்லாத வீடா, கிணத்து வெள்ளத்துல நனைச்ச துணி போதும். "பெத்தவளுக்குக் குளிர் வச்சா ஜன்னி வரும்"னு வீட்டுல சண்டை வரும். துணி சுத்தின ஐஸை மார்ல கொஞ்ச நேரம் வச்சு ஜன்னி வராதுன்னு நான் சொன்னதாச் சொல்லு. குளிர வச்ச முட்டைக்கோசு இலையும் சிலருக்கு ஆசுவாசம் தரும். காம்பை விட்டுட்டுச் சுத்தி வச்சு, வாடினதும் எடுத்துரு.

தோவாளைச் சந்தை பக்கத்துல இருக்கதால நம்ம ஊர்ல பூவுக்குப் பஞ்சமில்லை, பால் கட்டினா மல்லிகையை மார்ல வச்சுக் கட்டச் சொல்லுவாங்க. அது பொய் இல்லை. 1988ல வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வுல, பாலை நிறுத்துத மாத்திரையோட மல்லிகையை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. பூவும் பாலைக் குறைச்சுது. ஆனா யோசி, உனக்குப் பால் வேணும். பிள்ளையைப் பறிகுடுத்த தாய்க்கும், மருத்துவர் சொல்லிப் பாலை நிறுத்த வேண்டியவளுக்கும் உள்ளது அந்தப் பூ. உனக்குத் தலையில வச்சா போதும். அதே மாதிரி மாரைத் துணியால இறுக்கிக் கட்டவும் வேண்டாம். தாங்கிப் பிடிக்கும், ஆனா அழுத்தாத உள்பாடி போடு.

வலிக்குப் பாரசிட்டமால் எடுக்கலாம், பால் குடுக்கவங்களுக்குக் கெடுதல் இல்லை. அளவு மருத்துவர் எழுதினபடி. பால்சுறாப் புட்டும் பூண்டும் சாப்பிடு, உடம்புக்கு நல்லது. பால் கட்டினதுக்கு அதைக் குறை சொல்லாதே. அக்குள்ல ஒரு கட்டி தெரிஞ்சா பதறாதே. அங்கயும் சிலருக்குப் பால் திசு உண்டு, குளிர் வச்சா பைய அடங்கும்.

இப்படிச் செய்தா ஒண்ணு ரெண்டு நாள்ல இளகணும். 101 டிகிரி காய்ச்சல், குளிர் நடுக்கம், ஒரு மார்ல ஒரு இடம் மட்டும் சிவந்து சுடுது, சீழ் வருது, இல்லைன்னா ஒரு நாள் கழிஞ்சும் கட்டி கொஞ்சம்கூடக் குறையலை, இதுல எது வந்தாலும் மருத்துவரைப் பார்க்கணும். மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கி முழுங்காதே. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ போ. ராத்திரியில சந்தேகம்னா 104 சுகாதார உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கேளு. காய்ச்சல் இருந்தாலும் பால் குடுக்கிறதை நிறுத்தக் கூடாது, நிறுத்தினா உள்ளே சீழ்க்கட்டி ஆகிரலாம். பிள்ளை அஞ்சாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகணும். அது குறைஞ்சாலோ, எழுப்பியும் குடிக்காம உறங்கிட்டே கிடந்தாலோ, அன்னைக்கே பிள்ளையையும் காட்டு.

முந்திரி ஆலைக்கும் ரப்பர் வெட்டுக்கும் திரும்பப் போறவங்களுக்கு மாசங்கள் கழிஞ்சும் இது வரும். காலையில குடுத்துட்டுப் போனா மத்தியானத்துக்குள்ள மார் நிறைஞ்சு ரவிக்கை நனையும். சாப்பாட்டு இடைவேளையில ஒரு தடவை பீச்சியே ஆகணும். மேஸ்திரிகிட்ட முதல் நாளே சொல்லி வை, வெட்கப்படாதே. மூடி போட்ட சுத்தமான பாத்திரத்துல எடுத்த பால் வெளியே நாலு மணி நேரம் தாங்கும், சித்திரை வெயில்ல அதுக்கும் முன்னால குடுத்துரணும். ஐஸ் வச்ச பெட்டியில ஒரு நாள், ஃபிரிட்ஜுல நாலு நாள். குடுக்கும்போது அடுப்புல காய்ச்சாதே, சூடு வெள்ளத்துல பாத்திரத்தை இறக்கி வச்சாப் போதும்.