டீப் ஸ்பேஸ் நைன் டிவிடி: விண்கலம் வந்தால் மட்டும் திணறிய படம்

‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ (1993–1999) என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) டிவிடிகளைக் கோப்பாக மாற்றினேன். பேச்சுக் காட்சிகள் சுத்தம். விண்கலம் பறக்கும்போது மட்டும் படம் விட்டுவிட்டு நகர்ந்தது. எச்டிஎம்ஐ கேபிள், வேறு பிளேயர், வன்பொருள் டிகோடிங்கை அணைப்பது, எதற்கும் மசியவில்லை. பிட்ரேட்டைக் கூட்டியதில் கோப்புதான் பெருத்தது.

விடை மூல டிவிடியிலேயே இருந்தது. விஎல்சி பிளேயரில் டீஇன்டர்லேஸை (பின்னிய வரிகளை முழுப் படமாக்கும் வசதி) அணைத்து, ‘ஈ’ விசையால் ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். நடிகர்கள் அசையும் இடத்தில் ஐந்து பிரேமில் மூன்று தெளிவு, இரண்டில் சீப்புப் பல் போன்ற கோடுகள். நொடிக்கு 24 பிரேம் ஓடும் பிலிமை வீடியோவாக்கிய தடம் அது. கலங்கள் பறக்கும் பல ஷாட்களிலோ எல்லாப் பிரேமிலும் கோடு. அவை வீடியோவிலேயே, நொடிக்கு 59.94 பீல்டாக (பீல்ட் என்பது ஒரு பிரேமின் பாதி வரிகள்) உருவானவை. டீடெலிசின் (வீடியோவிலிருந்து பழைய பிலிம் பிரேம்களை மீட்பது) போட்டு நொடிக்கு 23.976 பிரேமுக்கு இறக்கினால் அங்கே அசைவு பறிபோகிறது. இதைப் பார்த்ததும்தான் நிம்மதி.

ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் சரிப்பட்டது: டீடெலிசின் ஆஃப், இன்டர்லேஸ் டிடெக்‌ஷன் ஆஃப், டீஇன்டர்லேஸ் யாடிஃப், பிரிசெட் பாப் (ஒவ்வொரு பீல்டையும் தனிப் பிரேமாக்குவது), பிரேம்ரேட் 59.94 கான்ஸ்டன்ட், எக்ஸ்264 ஆர்எஃப் (தர அளவு) 18. பிரேம்ரேட்டைக் கையால் 59.94 என்றே தேர்ந்தெடுங்கள், 29.97 ஆனால் பாப் செய்த பலன் போய்விடும். பேச்சுக் காட்சிகளில் மெல்லிய 3:2 தடுமாற்றம் (பிலிம் பிரேம்கள் மாறி மாறி மூன்று, இரண்டு பீல்டுகளாக நீள்வதால் வருவது) மிஞ்சும். அது டிவிடியிலேயே உள்ளது.