பழைய அச்சு உருவப்படங்களைப் பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஐரோப்பாவின் பழைய அச்சு உருவப்படங்கள் சமூகத்தில் என்ன செய்தன என்று எழுதப் புதிதாக வருகிறவர்கள், முன்பு நாங்கள் எல்லாரும் விழுந்த அதே குழிகளில் விழுகிறார்கள். பெயர்ப்பிழை, ஆண்டுப்பிழை போன்றவை சரிபார்த்தால் தீர்ந்துவிடும். மற்றவற்றைப் பார்ப்போம்.

எழுத்தை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொள்வது

எனக்கு இன்றும் ஆத்திரம் வரவைக்கும் தவறு இதுதான். ஒரு சேகரிப்பில் நூற்றுக்கணக்கான படங்களை ஸ்கேன் செய்தவர்கள், அழகாக இருக்கும் என்று முகத்தைச் சுற்றிச் சதுரமாக வெட்டிச் சேமித்தார்கள். மூலக் கோப்புகளையும் அழித்துவிட்டார்கள். அத்தனையையும் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியதாயிற்று. பழந்தாள்களை இரண்டாம் முறை வெளிச்சத்தில் வைத்தது வேறு.

அந்த எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. 1520-இல் ஓவியர் லூக்காஸ் கிரானாக் செதுக்கிய, போப்பை எதிர்த்த துறவி மார்ட்டின் லூதரின் படத்தின் அடியில் லத்தீன் வரிகள் உண்டு: லூதர் தன் மனத்தின் அழியாத வடிவத்தைத் தானே காட்டுகிறார், கிரானாக் காட்டுவது அழியும் முகத்தை மட்டுமே. 1526-இல் ஓவியர் ட்யூரர் செதுக்கிய அறிஞர் எராஸ்மஸின் படத்தில், அவருடைய எழுத்துகளே அவரை இன்னும் நன்றாகக் காட்டும் என்று கிரேக்கத்தில் பொறித்திருக்கிறது. அதாவது, பார்ப்பவரைப் புத்தகத்தின் பக்கம் திருப்பிவிடுகிற வேலையைப் படமே செய்கிறது. வரியை வெட்டினால் மிஞ்சுவது ஒரு துறவி, ஓர் அறிஞர், அவ்வளவுதான்.

எல்லாரும் அப்படித் திரும்பிவிடவில்லை என்பதும் முக்கியம். 1521-இல் ஹான்ஸ் பால்டுங் வரைந்த மரக்கட்டை அச்சில் லூதரின் தலைக்குப் புனிதர்களுக்குரிய ஒளிவட்டமும், மேலே தூய ஆவியைக் குறிக்கும் புறாவும் வந்துவிட்டன. அதே ஆண்டு வோர்ம்ஸ் நகரிலிருந்த போப்பின் தூதர் அலெயாந்தர், மக்கள் லூதர் படத்தை வாங்கி முத்தமிடுகிறார்கள் என்று ரோமுக்குப் புகார் எழுதினார்.

கத்தரிக்கோலும் புதிதல்ல. 1769-இல் ஜேம்ஸ் கிரேஞ்சரின் இங்கிலாந்து வாழ்க்கை வரலாற்று நூல் வந்த பிறகு, அதில் ஒட்டுவதற்காகப் பழைய புத்தகங்களிலிருந்து உருவப்படங்களைப் பிய்த்தெடுத்தார்கள். படங்களின் விலை ஏறியது. எத்தனையோ புத்தகங்கள் பாழாயின. ஓரம் நறுக்கிய படம் கைக்கு வந்தால், நறுக்காத பிரதி எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

முகத்தை அப்படியே நம்புவது

1493-இல் வந்த நியூரம்பர்க் வரலாற்று நூலில் 1800-க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. அவற்றுக்குப் பயன்பட்ட மரக்கட்டைகளோ சுமார் 645. ஒரே முகம் பல மன்னர்களுக்கும் பொருந்திக்கொண்டது. பியர் லொம்பார் செதுக்கிய, படம் அச்சிடும் குதிரைவீரன் செப்புத் தகட்டில் தலையையே சுரண்டி மாற்றினார்கள். ஒரு பிரதியில் குரோம்வெல், இன்னொன்றில் அவரால் ஆட்சியை இழந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்ல்ஸ், நடுவே தலையே இல்லாத பிரதியும் உண்டு. குதிரை மட்டும் அப்படியே நிற்கிறது.

தகட்டின் ஆண்டைத் தாளின் ஆண்டாகச் சொல்வது

செதுக்கியவர் இறந்த பிறகும் தகடு அச்சிடும். கையிலிருக்கும் தாள் எப்போது அச்சானது என்று அறியக் காகிதத்தைப் பாருங்கள்.

இடது கையா, வலது கையா

அச்சில் இடம் வலமாகிவிடும். அப்புறம் கைப்பழக்கம் பற்றி ஊகிக்காதீர்கள்.

விலையை விட்டுவிடுவது

1746-இல் ஹோகார்த் வெளியிட்ட லோவட் பிரபுவின் படம் ஒரு ஷில்லிங். கலகக் குற்றத்தில் பிடிபட்டு, அடுத்த ஆண்டு தலை வெட்டப்பட்ட அந்தக் கிழவரின் முகத்துக்கு இருந்த தேவைக்கு அச்சு இயந்திரம் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆனால் ஒரு ஷில்லிங் எல்லாருக்கும் சிறிய தொகை அல்ல. வாங்க முடிந்தவர் யார், லண்டன் அச்சுக்கடைச் சன்னலில் நின்று பார்த்துவிட்டுப் போனவர் யார் என்று பிரித்து எழுதுங்கள்.