பழைய ஹைலக்ஸின் ஹெட்டை வீட்டிலேயே இறக்கி ஏற்றுவது

என்னிடம் இருப்பது 1986 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ். கார்புரேட்டர் வைத்த 22ஆர் இன்ஜின்: நான்கு சிலிண்டர், 2366 சிசி, இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் (சிலிண்டர்களை மூடும், வால்வுகள் உட்காரும் மேல்பாகம்). மேட்டில் ஏறும்போது ஒருநாள் பழைய ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்தது. நான் கவனிப்பதற்குள் சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. அன்றிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் உதறும், கூலண்ட் குறையும், ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தது போல ஒரு படலம் நிற்கும். அலுமினியமும் இரும்பும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. அளவுக்கு மீறிச் சூடானால் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடான கேஸ்கட்தான் பலி.

ஸ்பானரை எடுப்பதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம், பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரை விலக்கி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். 22ஆருக்கு 171 பி.எஸ்.ஐ. சரியான அளவு, 142-க்குக் கீழே போகக் கூடாது, சிலிண்டருக்குச் சிலிண்டர் 14-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. எனக்கு வந்தது 160, 85, 80, 158. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து விழுந்தால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம். ஆனாலும் குறைந்த சிலிண்டர்களில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் குற்றம் பிஸ்டன் ரிங்கில். அப்படியென்றால் ஹெட்டை மட்டும் புதுப்பிப்பது வீண் வேலை. மேலே இறுக்கமாக மூடிய பிறகு ஆயில் கீழேயிருந்து இன்னும் வேகமாகப் போகும். எனக்கு ஏறவில்லை. சரி, ஹெட்டை இறக்குவது என்று முடிவாயிற்று.

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் தொட வேண்டும், ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். சூட்டோடு போல்ட்டைத் தளர்த்தினால் ஹெட் வளையும். சைலன்சர் பைப் நட்டுகளுக்கு முதல்நாளே துரு இளக்கும் ஆயில் அடித்து வைத்தால் ஸ்டட் முறியாது. கார்புரேட்டர் வேக்குவம் ஹோஸ் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதிய டேப் ஒட்டுங்கள். போட்டோ எடுத்திருக்கிறேன் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், போட்டோவில் எல்லா ஹோஸும் கறுப்புதான். போல்ட்டுகளுக்கு அட்டைப்பெட்டி மூடியில் ஹெட்டின் வடிவத்தை வரைந்து, எது எங்கே இருந்ததோ அங்கே ஓட்டை போட்டுச் செருகிவிடலாம்.

அப்புறம் முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் முடியும் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். கிராங்க் புல்லியின் கோடு பூஜ்ஜியத்தில் நிற்கும், முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தும் கைகள்) தளர்வாக ஆடும், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டின் முன்முனையில் இருக்கும் சிறு முளை நேர் மேலே பார்க்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கோடு போட்டுவிட்டு அதைக் கழற்றுங்கள். டைமிங் செயினும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் சேரும் இடத்தில் வெள்ளை பெயின்ட் ஒரு பொட்டு. வண்டியை கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து, ஸ்ப்ராக்கெட்டின் 19 மி.மீ. போல்ட்டை விடுவித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டும் கியரும் பெட்ரோல் பம்பை அடிக்கும் வட்டும் கையோடு வரும். ஸ்ப்ராக்கெட்டைச் செயினோடு பிளாஸ்டிக் டையால் கட்டி மேலே தொங்கவிடுங்கள். தளரவிட்டால் கீழே கிராங்க் பல்லில் செயின் நழுவும், முன்பக்க மூடியைக் கழற்ற வேண்டிய வேலை வந்து சேரும். அப்படியே டார்ச் அடித்து உள்ளே செயின் கைடுகளையும் பாருங்கள். வயதான 22ஆரில் பிளாஸ்டிக் கைடு உடைந்து, செயின் அலைந்து, மூடியின் உள்சுவரைத் தேய்த்துத் தண்ணீர் வழிக்கே ஓட்டை போடுவது உண்டு. கைடு உடைந்திருந்தால் எப்படியும் அந்த மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது அடுத்த இடத்தில். பத்து ஹெட் போல்ட்டையும் எடுத்தாயிற்று. ராக்கர் செட்டையும் அதே போல்ட்டுகள்தான் பிடித்திருக்கின்றன, அதுவும் வந்துவிட்டது. ஹெட் மட்டும் அசையவில்லை. நானும் அண்ணன் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். ஹெட்டுக்குப் பதிலாக வண்டியே ஸ்பிரிங்கில் எழும்பி ஆடியது. கடப்பாரை வைத்து நெம்பி டைமிங் மூடியின் ஓரத்தில் ஒரு தழும்பும் போட்டேன். களைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது அவன் செயின் குழியின் முன்னால் தேங்கிக் கிடந்த கறுப்பு ஆயிலில் விரலை விட்டுவிட்டு, "சித்தப்பா, இதுக்கு அடியில ஒரு போல்ட் தலை தட்டுதே, நீங்க பார்க்கலையா?" என்றான். ஹெட்டை டைமிங் மூடியோடு பிடித்திருக்கும் 12 மி.மீ. போல்ட் அது. எப்போதும் ஆயிலுக்குள் மூழ்கியே இருக்கும். அந்த ஆயிலைத் துணியால் ஒற்றி எடுத்து, ஹெட் போல்ட்டைத் தொடும் முன்பே இதைக் கழற்ற வேண்டும். ஹெட் போல்ட்டுகளை இரண்டு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

ஹெட் வந்தவுடன் கை தானாக மண்ணெண்ணெய் டப்பாவைத் தேடும். வேண்டாம். ஒரு மணி நேரம் எதையும் துடைக்காமல் பாருங்கள், ஏன் கெட்டது என்பது அந்த அழுக்கில்தான் எழுதியிருக்கும். என் கேஸ்கட்டில் 2-க்கும் 3-க்கும் நடுவே கரிக்கோடு ஒன்று, பென்சிலால் இழுத்தது போல. மூன்றாவது பிஸ்டனின் தலை மட்டும் கழுவியது போலப் பளிச்சென்று இருந்தது. மற்ற மூன்றும் கரி. தண்ணீர் இறங்கிய சிலிண்டர் அப்படித்தான் இருக்கும், ஆவி கரியைக் கழுவிவிடும். இரண்டாவதின் எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பில் ஒரு இடம் வெளுத்திருந்தது; அங்கே எரியத் தொடங்கியிருக்கிறது. இதையெல்லாம் போட்டோ எடுத்த பிறகு துடையுங்கள். சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் படியில் தடுக்கினால் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது.

சுத்தம் செய்யும்போது சிலிண்டர்களிலும் செயின் குழியிலும் துணியை அடைத்துவிடுங்கள். அலுமினியத்தில் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டிதான். டிரில்லில் மாட்டும் உப்புத்தாள் வட்டு வேண்டவே வேண்டாம். அதன் தூள் ஆயிலோடு போய் பேரிங்கைத் தின்னும். பிளாக்கின் போல்ட் ஓட்டைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் உறிஞ்சி எடுங்கள். அடியில் திரவம் இருந்தால் போல்ட் இறுகியது போல டார்க் ரென்ச் காட்டும், கேஸ்கட் இறுகியிருக்காது. பிளாக்கே விரிசல் விடவும் கூடும். பழைய போல்ட் ஒன்றில் நீளவாக்கில் காடி அறுத்து, மரையைச் சுத்தம் செய்ய அதையே ஓட்டினேன்.

ஹெட்டின் அடிமுகத்தில் நேர்கோல் வைத்து, நீளத்திலும் இரண்டு மூலைவிட்டத்திலும் ஃபில்லர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.15 மி.மீ. எல்லை. பிளாக்குக்கு 0.05 தான். ஹெட் வளைந்திருந்தால் அடிமுகத்தைச் சீவினால் போதும் என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கேம் ஷாஃப்ட் அந்த ஹெட்டிலேயே உட்காருகிறது, அடி வளைந்தால் மேலும் வளைந்திருக்கும். கேம் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் கேப்புகளை முறுக்கிய நிலையில் கேம் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள், ஓரிடத்தில் பிடித்தால் முதலில் ஹெட்டை நேராக்க வேண்டும், சீவுவது அப்புறம். விரிசல் சோதனையும் சீவலும் வீட்டில் ஆகாது, பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். என் ஹெட்டில் 0.05 தாள் நுழையவில்லை, விரிசலும் இல்லை. தப்பித்தேன்.

வால்வு உரசுவது வீட்டில் நிதானமாகச் செய்யலாம், எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். ஸ்பிரிங் கம்ப்ரஸரால் அழுத்தி லாக்குகளை எடுத்து, ஒவ்வொரு வால்வையும் எண் போட்ட அட்டையில் செருகுங்கள். தன் சீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். வால்வின் தண்டு ஓடும் குழாயான கைடில் வால்வை ஆட்டிப் பாருங்கள், கலகலத்தால் கைடு தேய்ந்திருக்கிறது. எரிந்த வால்வை உரசிச் சரிசெய்ய நினைக்காதீர்கள், புதிது போடுங்கள். மெல்லிய கிரைண்டிங் பேஸ்ட் கொஞ்சமாகத் தடவி, உறிஞ்சுகுச்சியால் இடம் வலமாக அரைச்சுற்று, நாலு தடவைக்கு ஒருமுறை தூக்கித் திருப்பி வைத்து மறுபடி. சீட்டில் அறுபடாத சாம்பல் வளையம், 1.2 முதல் 1.6 மி.மீ. அகலத்தில் வந்தால் நிறுத்திவிடலாம். பேஸ்ட் ஒரு துளி இல்லாமல் கழுவி, புது ஸ்டெம் சீல் போட்டு, வால்வுகளை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். போர்ட் பக்கம் கசிந்தால் அந்த வால்வை மறுபடி உரச வேண்டும்.

ஏற்றுவது சீக்கிரம் முடியும். கேஸ்கட்டை உலர்வாக வையுங்கள். டைமிங் மூடியும் பிளாக்கும் சேரும் இரண்டு முன்மூலைகளில் மட்டும் சீலன்ட். போல்ட் மரையில் லேசாக ஆயில். நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, கடைசியில் 78 நியூட்டன் மீட்டர். அந்த ஒளிந்திருந்த போல்ட்டுக்கு 13 போதும். செயின் எட்டவில்லை போலத் தோன்றும். கிராங்கை முன்னும் பின்னும் சற்று அசைத்துக்கொண்டே ஸ்ப்ராக்கெட்டை இழுத்தால் கேமில் ஏறிவிடும். அந்த போல்ட்டுக்கும் 78. பிறகு புல்லியில் ஸ்பானர் போட்டு இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்காவது தட்டினால் நிறுத்தி டைமிங்கைப் பாருங்கள், பலத்தைக் காட்டாதீர்கள்.

டாப்பெட்டுக்கு (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி) முதல் சிலிண்டர் உச்சியில் இருக்கும்போது பார்க்க வேண்டியவை இன்டேக் 1, 2, எக்ஸாஸ்ட் 1, 3. ஒரு சுற்று சுற்றிவிட்டு இன்டேக் 3, 4, எக்ஸாஸ்ட் 2, 4. சூடான இன்ஜினில் இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. குளிரில் தோராயமாக வைத்து, ஓட்டிச் சூடாக்கி மறுபடி பார்த்தேன். மூன்றை மாற்ற வேண்டியிருந்தது.

ஆயிலில் தண்ணீர் கலந்திருந்ததால் புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு அரைமணி ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றினேன். ஹீட்டரைத் திறந்து, ரேடியேட்டர் மூடி இல்லாமல் ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை கூலண்ட் சேர்த்தேன். முதல் பத்து நிமிடம் மேனிஃபோல்டில் கைப்பட்ட ஆயில் எரிந்து புகைந்தது, அண்ணன் மகன் பயந்து தண்ணீர் வாளியை எடுத்து வந்துவிட்டான். ஒரு வாரம் கழித்துக் கம்ப்ரஷன் பார்த்தோம்: 165, 162, 160, 164. ராக்கர் மூடியின் பின்பக்க அரைவட்ட ரப்பரில் மட்டும் இன்னும் ஆயில் கசிகிறது.