முத்தத்து மண்ணில மூலகம்: பிள்ளையளுக்கு அணுவும் பிணைப்பும் விளங்கப்படுத்துற விதம்

ஐதரசன், ஈலியம், இலிதியம், பெரிலியம் எண்டு 20 மூலகத்தையும் மூச்சுவிடாமல் சொல்லுற பிள்ளையிட்ட, அடுப்பில எரியிற வீரை விறகுக்குள்ள இருக்கிற காபன் முதல்முதல் எங்கயிருந்து வந்தது எண்டு ஒருக்கா கேட்டுப் பாருங்கோ, முழிசிக்கொண்டு நிக்கும். பிள்ளையில பிழை இல்ல. நானும் தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்து அதே 20ஐயும் பாடமாக்கின ஆள்தான், ஏன் எதுக்கு எண்டு அப்ப ஒருத்தரும் சொல்லித் தரேல்ல, பேந்து நானாத் தேடி வாசிச்சு விளங்கினபோது இதையேன் அப்ப சொல்லேல்ல எண்டு நெஞ்சுக்க ஒரு தாக்கம். இப்ப பின்னேரத்தில எங்கட பக்கத்துப் பிள்ளையள் கொஞ்சப் பேருக்கு ஓ.எல் விஞ்ஞானம் சொல்லிக் குடுக்கிறன், அதில எது சரிவந்ததோ அதை எழுதுறன். அம்மா அப்பா ஆரும் செய்யலாம், லாப் ஒண்டும் தேவையில்ல.

முதல் ஒண்டு. அணுவில ரண்டு கதை இருக்கு, ரண்டையும் கலக்கவே கூடாது. நடுவில இருக்கிற கருவின்ர கதை ஒண்டு, அதாலதான் அது காபனா இரும்பா எண்டு தீருது. வெளியில ஓடித்திரியிற இலத்திரனின்ர கதை மற்றது, அதாலதான் எது எதோட ஒட்டும் எண்டு தீருது. பிள்ளையள் குழம்புறது முக்கால்வாசி இந்த இடத்திலதான். விறகு எரிஞ்சா காபன் அழிஞ்சு போச்சு எண்டு எழுதுவினம். இல்ல, அது ஒட்சிசனோட சேர்ந்து காபனீரொட்சைட்டாப் போகுது, அவ்வளவுதான், கருவுக்கு ஒரு கீறல்கூட விழேல்ல.

கரு எவ்வளவு சின்னன் எண்டு காட்ட ஒரு புளியங்கொட்டையை முத்தத்தில நட்டநடுவில வையுங்கோ. அதுதான் சோடியத்தின்ர கரு எண்டு வைச்சா அணுவின்ர வெளி எல்லை ஏறக்குறைய கால் கிலோமீற்றர் தள்ளி, வயல் வரம்பில வரும். பிள்ளையை அவ்வளவு தூரம் நடக்க விடுங்கோ. படத்தில பாத்து மறக்கிறதை கால் மறக்காது.

இனி கருவின்ர கதை, அதை இரவிலதான் தொடங்கவேணும். மாசியில நெல்லு வெட்டு நடக்கிற நாளில இரவு 8 மணிபோல வெளியில வந்து உச்சியைப் பாருங்கோ, மூண்டு வெள்ளி, அதுதான் நட்சத்திரம், நேர்வரிசையா நிக்கும், அதுக்கு வடக்குப் பக்கமா கொஞ்சம் சிவந்த வெள்ளி ஒண்டு. அதுதான் திருவாதிரை. மார்கழியில நாங்கள் பிடிக்கிற திருவெம்பாவை முடியிறது இந்த வெள்ளியின்ர நாளிலதான். லைற் குறைஞ்ச எங்கட வன்னி வானத்தில அந்தச் சிவப்பு வடிவாத் தெரியும், ரவுண் பிள்ளையளுக்கு அது கிடைக்காது.

அதைக் காட்டிக்கொண்டு சொல்லுங்கோ: பிரபஞ்சம் தொடங்கின பெருவெடிப்பு நடந்து முதல் சில நிமிசத்தில உண்டானது ஐதரசனும் ஈலியமும் துளி இலிதியமும்தான், நிறையில பாத்தா ஐதரசன் முக்கால் பங்கு ஈலியம் கால் பங்கு. காபனும் இல்ல, ஒட்சிசனும் இல்ல, இரும்பும் இல்ல. மிச்சம் கிட்டத்தட்ட எல்லாம் பேந்து வெள்ளியளுக்குள்ளயும் வெள்ளியள் சாகேக்கயும்தான் உண்டானது. எங்கட சூரியன்ர நடுவில ஒண்டரைக் கோடி பாகை வெப்பம், அங்க 4 ஐதரசன் கரு படிப்படியாச் சேர்ந்து ஒரு ஈலியம் கருவாகுது, சேரேக்க நிறையில 0.7 வீதம் குறைஞ்சு அது சக்தியா வெளிய வருது, நாங்கள் நெல்லுக் காயப்போடுற வெயில் அதுதான். ஐதரசன் முடிஞ்சு போன வெள்ளியில வெப்பம் 10 கோடி பாகைக்கு ஏறினா 3 ஈலியம் சேர்ந்து காபன், இன்னொரு ஈலியம் சேர்ந்தா ஒட்சிசன். திருவாதிரை இப்ப நிக்கிறது கிட்டத்தட்ட இந்தக் கட்டத்தில. கனமான வெள்ளியெண்டா அதுக்கு மேலயும் போகும், நேயன், மகனீசியம், சிலிக்கன், கல்சியம் எண்டு போய் இரும்புப் பக்கம் வந்து நிண்டிடும்.

ஏன் இரும்பில நிக்குது? இந்த இடத்தில அவசரப்படக் கூடாது, இதுதான் முழுப்பாடத்தின்ர முடிச்சு. சின்னக் கருக்கள் சேரேக்க சக்தி வெளிய வருது, அந்தச் சக்திதான் வெள்ளி தன்ர பாரத்தில நசிஞ்சு போகாமல் தாங்குது. இரும்பளவுக்கு வந்தா கரு இருக்கிறதிலயே இறுக்கமா இருக்கும், அதுக்கு மேல சேர்க்கிறதெண்டா சக்தி வெளிய வராது, உள்ள குடுக்க வேண்டி வரும். தண்ணி மேட்டில இருந்து பள்ளத்துக்கு ஓடுறமாதிரி எண்டு சொல்லுங்கோ, இரணைமடுவில கதவு திறந்தா தண்ணி வயலுக்குத் தானா வரும், வயல் தண்ணி குளத்துக்குத் தானாப் போகாது. இரும்புதான் அந்த அடிப்பள்ளம். தாங்கிறதுக்குச் சக்தி இல்லையெண்டதும் வெள்ளியின்ர நடு ஒரு செக்கனுக்குள்ள இடிஞ்சு விழும், வெளிப்பாகம் வெடிச்சுப் பறக்கும். திருவாதிரைக்கும் அது ஒருநாள் நடக்கும், இன்னும் ஒரு லட்சம் வருசம் செல்லலாம் எண்டு கணிக்கினம்.

இன்னொரு வெடிப்பும் இருக்கு. செத்து ஆறின வெள்ளைக் குள்ளன் எண்ட சின்ன வெள்ளி பக்கத்து வெள்ளியில இருந்து நிறையை இழுத்து, சூரியனைப்போல 1.4 மடங்குக்குக் கிட்ட வந்தா முழுசா வெடிக்கும். அந்த 1.4 எண்ட எல்லையைக் கணக்குப் போட்டவர் எங்கட தமிழ்க் குடும்பத்தில பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல இந்தியாவில இருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில போகேக்க தொடங்கின கணக்கு. 1983இல அவருக்கு பௌதிகவியல் நோபல் பரிசு, அதைப் பங்கிட்டவர் வில்லியம் ஃபவுலர், அவருக்குக் குடுத்தது மூலகம் எப்பிடி உண்டாகுது எண்ட ஆராய்ச்சிக்கு. இரும்பு கனக்க வந்தது இப்பிடியான வெடிப்பில. எங்கட செம்மண் சிவப்பா இருக்கிறது இரும்பு ஒட்சைட்டால, அதை ஒரு பிடி அள்ளிப் பிள்ளையின்ர கையில குடுத்துப்போட்டு இந்தக் கதையைச் சொல்லுங்கோ.

தங்கம் எப்பிடி வந்தது எண்டு கட்டாயம் கேப்பினம், அம்மாவின்ர தாலியைக் காட்டிக் கேட்ட பிள்ளையும் இருக்கு. இரும்புக்கு மேலான மூலகங்களில கனக்க கரு நியூத்திரனை, அதாவது கருவுக்குள்ள இருக்கிற ஏற்றமில்லாத துணிக்கையை, விழுங்கி விழுங்கி உண்டானது. 2017 ஆகஸ்ட் 17 அண்டு ரண்டு நியூத்திரன் வெள்ளி (பெரிய வெள்ளி வெடிச்ச பிறகு மிஞ்சிற இறுக்கமான நடு) மோதின அதிர்வை கருவியளில பிடிச்சவை, பிறகு அந்த மோதலில வந்த வெளிச்சத்தில ஸ்ரொன்சியம் இருக்கிறதையும் கண்டவை, தங்கமும் அப்பிடியான மோதலில உண்டாகுது எண்டதுதான் விளக்கம். இது சோதினைக்கு வராது, ஆனா சொல்லுங்கோ.

அடுத்தநாள் பின்னேரம் இலத்திரனின்ர கதை. மண்ணில தடியால வட்டம் கீறுங்கோ, ஒண்டுக்குள்ள ஒண்டா மூண்டு. சோடியத்துக்கு 11 புளியங்கொட்டை: உள்வட்டத்தில 2, அடுத்ததில 8, வெளியில 1. பக்கத்தில குளோரீன், அதுக்கு 17 சோளமணி: 2, 8, 7. இனி ஒண்டும் சொல்லாதேங்கோ, வெளிவட்டத்தில 8 வந்தா நிம்மதி எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் பேசாமல் இருங்கோ. பிள்ளை தானாச் சோடியத்தின்ர ஒத்தைக் கொட்டையை எடுத்து குளோரீனில வைக்கும். அந்த நேரம் அதின்ர முகத்தைப் பாருங்கோ, அதுக்காகத்தான் நான் படிப்பிக்கிறன். குடுத்தது நேரேற்றம், வாங்கினது மறையேற்றம், ரண்டும் ஒண்டையொண்டு இழுக்கும், இதுதான் அயன் பிணைப்பு. தண்ணிக்கு வேற மாதிரி: ஒட்சிசன் வட்டமும் ரண்டு ஐதரசன் வட்டமும் விளிம்பில ஒண்டையொண்டு வெட்டுறமாதிரிக் கீறி, வெட்டுற இடத்தில ஒரு கொட்டையும் ஒரு சோளமும் சோடியா வையுங்கோ, ரண்டு பக்கத்துக்கும் பொது. பங்கீட்டு வலுப் பிணைப்பு. சோதினையில கேக்கிற புள்ளி புள்ளடி வரிப்படம் இதுதான், கொட்டை புள்ளி, சோளம் புள்ளடி. ஒட்சிசன் கூட இழுக்கிறபடியா தண்ணி மூலக்கூறில ஒரு பக்கம் கொஞ்சம் மறை, மற்றப் பக்கம் கொஞ்சம் நேர், அதால மூலக்கூறுகளும் தங்களுக்குள்ள ஒட்டும், ஐஸ்கட்டி மிதக்கிறது அந்த ஒட்டாலதான்.

பழைய ஸ்பீக்கரில கழட்டின காந்தம் ரண்டு எப்பிடியும் ஊரில கிடக்கும். பிணைப்பை உடைச்சா சக்தி வரும் எண்டு ஏ.எல் பிள்ளையளும் சொல்லுவினம், அது தலைகீழ். காந்தம் ரண்டையும் கிட்ட விட்டா படார் எண்டு ஒட்டும், அந்தச் சத்தம்தான் வெளிய வந்த சக்தி, பிரிக்கிறதுக்குத்தான் நீங்கள் இழுக்கவேணும். விறகு எரியேக்க சூடு வாறது பழைய பிணைப்பு உடைஞ்சதால இல்ல, புதுசா வாற பிணைப்பு அதைவிட இறுக்கம் எண்டதால. வெள்ளிக்குள்ள நடந்ததும் இதே நியாயம்தான், பள்ளத்துக்கு ஓடுற தண்ணி. அளவு மட்டும் வேற: ஒரு காபன் அணு எரிஞ்சு வாற சக்தியோட பாத்தா, 4 ஐதரசன் ஒரு ஈலியமாகேக்க வாறது 60 லட்சம் மடங்குக்கு மேல.

ஆனையிறவுக் கல்லுப்பு ஒரு பிடி வாங்குங்கோ, பரிசோதனைக்கு அதைப்போல சாமான் இல்ல. பெரிய கட்டி ஒண்டைத் துணியில வைச்சு கல்லால ஒரு தட்டு, உடைஞ்ச துண்டைக் கண்ணாடியால பாத்தா மட்டமான முகமும் நேர்மூலையும் தெரியும். அதே கல்லால செப்புக் கம்பியைத் தட்டுங்கோ, உடையாது, தட்டையாகும். உப்பில நேரும் மறையும் மாறிமாறி அடுக்கி இருக்கு, ஒரு அடுக்கு அரக்கினா நேருக்கு நேர் வந்து தள்ளி உடையும். செம்பில வெளி இலத்திரன் எல்லாருக்கும் பொதுவா ஓடித்திரியுது, அணு எங்க அரக்கினாலும் பிடி விடாது, அது உலோகப் பிணைப்பு, அதாலதான் கரண்டும் பாயுது.

இனி உப்பைத் தண்ணியில கரைச்சு, ரண்டு பக்கமும் சீவின பென்சில் ரண்டை விட்டு, 9 வோல்ற் பற்றரியில இருந்து வயர் குடுங்கோ. மறைப் பக்கத்தில புசுபுசு எண்டு வாறது ஐதரசன். நேர்ப் பக்கத்தில கிணத்துக்கு மருந்து போட்ட மணம் வரும், அது குளோரீன். வெளியில காத்தோட்டத்தில வைச்சு ரண்டு நிமிசம் காணும், முகத்தைக் கிட்டக் கொண்டுபோக விடாதேங்கோ, வீட்டுக் கரண்டில ஒருக்காலும் செய்யக் கூடாது, இதை நான் கெஞ்சிக் கேக்கிறன். பரந்தன் கெமிக்கல் பக்டரியில ஆனையிறவு உப்பை வைச்சு கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் எடுத்தது இதே வேலையாலதான், யுத்தத்தில அது நிண்டுபோச்சு. பரந்தன் ரோட்டால பஸ்ஸில போற பிள்ளைக்கு அதைச் சொல்லுங்கோ.

கடைசியா நைதரசன், வயலுள்ள வீட்டில இதை விடவே கூடாது. காத்தில 78 வீதம் நைதரசன், ஆனா பயிர் அதில ஒரு துளியும் எடுக்காது, 50 கிலோ யூரியா மூட்டையில 23 கிலோ நைதரசன் இருக்கு எண்டு காசு குடுத்து வாங்குறம். ஏனெண்டா காத்தில ரண்டு நைதரசன் அணு மூண்டு சோடி இலத்திரனைப் பங்கிட்டு நிக்குது, மும்மைப் பிணைப்பு, முத்தத்தில கீறி மூண்டு சோடி வைச்சுக் காட்டுங்கோ. இதைவிட இறுக்கமான பிணைப்புக் காண்கிறது அருமை. பக்டரியில இதை அமோனியாவாக்க 400 பாகைக்கு மேல வெப்பமும் காத்தழுத்தத்தைப்போல 150, 200 மடங்கு அழுத்தமும் வேணும், கூட தாக்கத்தை விரைவாக்கிற ஒரு ஊக்கி, அந்த ஊக்கி இரும்பு.

ஆனா நெல்லு வெட்டின பிறகு விதைக்கிற உழுந்தும் பயறும் அந்த வேலையைச் சும்மா மண்ணுக்குள்ள நிண்டு செய்யுது. பூக்கிற நேரம் ஒரு உழுந்துச் செடியை வேரோட மெல்லக் கிண்டி எடுங்கோ, பிடுங்கினா முடிச்சு அறுந்திடும். வேரில கடுகளவு முடிச்சு இருக்கும், அதுக்குள்ள இருக்கிற பற்றீரியாதான் மும்மைப் பிணைப்பைப் பிரிக்குது. ஒரு முடிச்சை நகத்தால பிளந்து பாருங்கோ. வெள்ளையா பச்சையா இருந்தா அது வேலை செய்யேல்ல. இளஞ்சிவப்பா இருந்தா வேலை நடக்குது. அந்தச் சிவப்பு எங்கட ரத்தத்தில இருக்கிறதுக்குச் சொந்தமான ஒரு புரதம், அதுக்கு நடுவில ஒரு இரும்பு அணு, பிணைப்பைப் பிரிக்கிற நொதியத்துக்குள்ளயும் இரும்புதான். வெள்ளிக்குள்ள எல்லாம் நிண்டுபோன அதே இரும்பு. பிளந்த முடிச்சை உடன காட்டுங்கோ, வெயிலில வைச்சா சிவப்பு மங்கிப் போயிடும்.